மேப்பிள் சாற்றுக்கு வேக்குவம் போடுவது எப்படி: பம்பைக் கடைசியாக வாங்குங்கள்

ஒன்டாரியோவிலோ கியூபெக்கிலோ வெர்மான்டிலோ கொஞ்சம் காட்டு நிலம் வாங்கி, இரண்டு மூன்று வசந்தம் மேப்பிள் மரங்களில் துளை போட்டு வாளி மாட்டி, வடியும் சாற்றைப் பாகாகக் காய்ச்சிப் பழகியவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: வாளிக்குப் பதிலாகக் குழாய் போட்டு, காற்றை உறிஞ்சி வேக்குவத்தில் சாற்றை இழுக்க எந்த பம்பு வாங்கலாம்? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பம்பைக் கடைசியாக வாங்குங்கள். பழைய பால்பண்ணை பம்பு ஒன்றை மலிவாகப் பிடித்துப் போட்டு, குழாய்களை நேர்த்தியாக இழுத்துக் கட்டியவர், புத்தம் புது பம்பை வைத்துக்கொண்டு தொங்கும் குழாயோடு மல்லுக்கட்டுகிறவரைவிட அதிகச் சாறு எடுப்பார். பம்பு காட்டும் அளவு வேறு, மரத்தின் துளை வரை போய்ச் சேரும் அளவு வேறு. இரண்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் குழாயும் மூட்டும் சரிவும்தான், அதனால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதியும் அவற்றைப் பற்றித்தான்.

100 முதல் 300 துளை வரை போட நினைக்கும் புதியவரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆயிரக்கணக்கில் போகிறவர்களுக்குக் கணக்கே வேறு. ஐம்பது துளைக்குள் இருப்பவர்களுக்கு வேக்குவம் பம்பே தேவைப்படாமல் போகலாம், அதையும் பிற்பாடு சொல்கிறேன்.

வேக்குவம் அப்படி என்ன செய்கிறது

மேப்பிள் சாறு ஓடுவதற்கு இரவு உறைபனியும் பகலில் இளக்கமும் வேண்டும் என்பது வாளி மாட்டியவர்களுக்குத் தெரிந்ததுதான். இரவில் உறையும்போது மரத்துக்குள் அழுத்தம் குறைந்து வேரிலிருந்து நீரை மேலே இழுத்துக்கொள்கிறது, பகலில் இளகும்போது உள்ளே அழுத்தம் கூடி, துளை இருந்தால் அதன் வழியாக வெளியே தள்ளுகிறது. ஆக, மரத்துக்கு உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் காற்றழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் சாற்றை ஓட வைக்கிறது. உள்ளே இருப்பதை நாம் கூட்ட முடியாது. வெளியே, அதாவது துளையின் வாயில், அழுத்தத்தைக் குறைக்க முடியும். பம்பு செய்வது அவ்வளவுதான். மரத்தின் சொந்த அழுத்தம் சோர்ந்துபோன மந்தமான நாட்களில்கூட, இரவில் சரியாக உறையாத நாட்களில்கூட, சாறு தொடர்ந்து வருவது இதனால்தான்.

வேக்குவத்தை இந்தத் தொழிலில் எல்லாரும் பாதரச அங்குலத்தில்தான் சொல்வார்கள். 'எனக்கு 24 வருது, உனக்கு எவ்வளவு?' என்பதுதான் பிப்ரவரி மார்ச்சில் காட்டுக்காரர்கள் பேசிக்கொள்வது. கடல்மட்டத்தில் எட்டக்கூடிய உச்சம் 29.9 அங்குலம், அதுவும் ஏட்டளவில். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைந்துகொண்டே போகும், எனவே மலைமேல் காடு வைத்திருப்பவர் 28 வரவில்லையே என்று பம்பைத் திட்ட வேண்டாம். துளையில் கூடும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சாறு சுமார் 5 முதல் 7 சதவீதம் கூடும் என்பது நீண்ட கால ஆராய்ச்சியில் வந்த கணக்கு. வாளியில் ஒரு துளைக்கு ஒரு பருவத்தில் 40 லிட்டர் கிடைத்தால், ஒழுங்கான வேக்குவத்தில் 75 லிட்டரோ அதற்கு மேலோ எதிர்பார்க்கலாம்.

இவ்வளவு உறிஞ்சினால் மரம் செத்துப்போகாதா என்று வீட்டுக்கு வரும் எல்லா உறவினரும் கேட்பார்கள். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் புரோக்டர் மேப்பிள் ஆய்வு மையம் அண்டர்ஹில் என்ற ஊரில் 1946 முதல் இயங்குகிறது. இந்தக் கேள்வியை அங்கே பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறார்கள். உயர் வேக்குவத்தால் துளையைச் சுற்றியுள்ள காயம் பெரிதாவதில்லை, ஆரோக்கியமான, போதிய பருமனுள்ள மரம் இழக்கும் சர்க்கரையை மீட்டுக்கொள்கிறது என்பதுதான் அவர்கள் சொல்வது. மரத்தைக் கெடுப்பது மெலிந்த மரத்தில் துளையிடுவதும், ஒரே மரத்தில் தேவைக்கு மேல் துளையிடுவதும்தான்.

முதலில் அடுப்பைப் பாருங்கள்

இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. 250 துளை, நல்ல வேக்குவம், நல்ல நாள் என்றால் துளைக்கு 7 அல்லது 8 லிட்டர் வீதம் ஒரே நாளில் கிட்டத்தட்ட 1,900 லிட்டர் வந்து நிற்கும். இரண்டடிக்கு ஆறடி அளவுள்ள விறகு அடுப்புத் தட்டு ஒன்று மணிக்குச் சுமாராக 90 லிட்டர் ஆவியாக்கும். இருபது மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் எரிக்க வேண்டும், மறுநாளும் சாறு ஓடும். பதநீருக்குச் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி இதில் எதையும் போடுவதில்லை, குளிர் மட்டும்தான் காவல், அந்தக் குளிரும் ஏப்ரலில் கைவிட்டுவிடும். சாறு கெட்டுப்போகிற வேகம் புதியவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

எனவே வேக்குவம் போட முடிவு செய்யும்போதே அடுப்பைப் பெரிதாக்குவதா, ஆர்.ஓ. இயந்திரம் வைத்துப் பாதி நீரை முன்கூட்டியே பிரித்துவிடுவதா, இல்லை துளையைக் குறைப்பதா என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். சாற்றில் சர்க்கரை 2 சதவீதம் என்றால் ஒரு லிட்டர் பாகுக்கு 43 லிட்டர் சாறு வேண்டும், 86ஐச் சர்க்கரை சதவீதத்தால் வகுத்தால் வரும் கணக்கு இது. கியூபெக்கில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அங்கே மொத்தமாக விற்பதற்கு ஒதுக்கீடு தேவை, ஒன்டாரியோவில் அந்தச் சிக்கல் இல்லை.

இலை இருக்கும்போதே வேலை ஆரம்பம்

பிப்ரவரியில் போய் இது மேப்பிளா வேறு மரமா என்று பட்டையைத் தடவிக்கொண்டிருப்பதைவிட, செப்டம்பரில் இலையைப் பார்த்து அடையாளம் போட்டுவிடுவது நல்லது. சர்க்கரை மேப்பிள்தான் முதல் தேர்வு, சிவப்பு மேப்பிளும் பரவாயில்லை, ஆனால் அது சீக்கிரம் மொட்டுவிட்டு உங்கள் பருவத்தை முடித்துவிடும். நெஞ்சு உயரத்தில் குறுக்களவு 10 அங்குலத்துக்குக் குறைந்த மரத்தைத் தொடாதீர்கள், அதாவது சுற்றளவு 31 அங்குலமாவது இருக்க வேண்டும். வேக்குவம் போடுகிறவர்களில் பலர் 12 அங்குலம் என்று வைத்துக்கொள்கிறார்கள், மரம் எவ்வளவு பெரிதானாலும் ஒரே துளைதான் என்றும் வைத்திருக்கிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. இரண்டாவது துளையால் கூடுகிற சாறு, அதற்காகப் போடும் குழாய்க்கும் கசிவுக்கும் ஈடாவதில்லை.

எண்ணிக்கொண்டே ஒவ்வொரு மரத்திலும் சின்னதாகப் பெயின்ட் புள்ளி வையுங்கள். துளை எண்ணிக்கை தெரியாமல் குழாயின் அளவும் தெரியாது, பம்பின் அளவும் தெரியாது. அப்புறம், நிலம் உங்களுடையது இல்லையென்றால் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். சாலையோர மரம் நகராட்சியுடையதாக இருக்கலாம்.

மெயின்லைன்: இங்கேதான் நேரம் போக வேண்டும்

எல்லா மரங்களின் சாற்றையும் கீழே கொண்டுவரும் பெரிய குழாய்தான் மெயின்லைன். காட்டின் அடியில் எந்த இடத்தில் சாறு வந்து சேரப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தாழ்ந்த இடமாக இருக்க வேண்டும், மின்சாரம் வர வேண்டும், தொட்டியிலிருந்து சாற்றை எடுக்க வண்டி போக வேண்டும். மூன்றும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். அமையவில்லை என்றால் தாழ்வான இடத்தையே தேர்ந்தெடுத்து மின்சாரத்தை இழுத்துக்கொண்டு போங்கள். பள்ளத்தைத் தாண்டிச் சாற்றை மேலே ஏற்றும் அமைப்புகளும் உண்டு, ஆனால் முதல் வருடத்தில் அதெல்லாம் வேண்டாம்.

அந்த இடத்திலிருந்து மேல்நோக்கிக் கிளம்புங்கள். கையில் ஒரு சரிவுமானி இருந்தால் போதும். உங்கள் கண் உயரத்தில் மரங்களில் ரிப்பன் கட்டிக்கொண்டே, எங்கும் 2 சதவீதத்துக்குக் குறையாத சரிவில் ஒரு கோடு வருகிறதா என்று பாருங்கள். 100 அடிக்கு 2 அடி இறக்கம். கண்ணால் பார்த்தால் சரிவாகத் தெரிகிற இடம் சமதளமாக இருக்கும், சில சமயம் எதிர்த்திசையிலேயே சரிந்திருக்கும், காட்டுக்குள் கண்ணை நம்பவே கூடாது. சரிவு 2க்கு மேல் எவ்வளவு கிடைத்தாலும் நல்லதுதான்.

இந்தச் சரிவுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? மெயின்லைனில் சாறு குழாயின் அடிப்பகுதியில் ஓட வேண்டும், மேல்பகுதி காலியாக இருக்க வேண்டும். அந்தக் காலி இடத்தின் வழியாகத்தான் பம்பு காற்றை இழுக்கிறது. ஓரிடத்தில் குழாய் தொங்கினால் சாறு அங்கே தேங்கிக் குழாயை முழுக்க நிரப்பிவிடும், அதற்கு அப்பால் இருக்கும் மரங்களுக்கு வேக்குவம் அரைகுறையாகத்தான் போகும். இரவில் அந்தத் தேக்கம் உறைந்து, காலையில் மற்ற இடமெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கே மட்டும் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு நிற்கும். நல்ல ஓட்டம் வருகிற காலை இரண்டு மணி நேரம் அதில் போய்விடும்.

சரி, கோடு கிடைத்துவிட்டது. அடுத்து கம்பி. 12.5 கேஜ் உயர் இழுவிசை வேலிக் கம்பியை மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை ஒரே ஓட்டமாக இழுத்து, ராட்செட் (கம்பியை இறுக்கும் பற்சக்கரக் கருவி) போட்டு முறுக்குங்கள். இரு முனையிலும் கம்பியைத் தாங்கும் மரம் உறுதியாக இருக்க வேண்டும், மேப்பிளாக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. கம்பியை மரத்தில் நேரடியாகச் சுற்றாதீர்கள், நடுவில் மரச்சட்டமோ பழைய குழாய்த் துண்டோ வையுங்கள், இல்லையென்றால் சில வருடங்களில் மரம் கம்பியை விழுங்கிவிடும். நடுநடுவே பக்கவாட்டு மரங்களுக்குக் கம்பி கட்டி, மெயின்லைனைத் தேவையான உயரத்துக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். இந்தப் பக்கக் கட்டுகளைப் பத்தடிக்கு ஒன்று போட்டால்கூட அதிகம் என்று சொல்ல மாட்டேன். இழுத்த கம்பி அறுந்தால் சாட்டையாகத் திரும்பி வரும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ராட்செட்டைத் தொடாதீர்கள்.

கம்பி இறுகிய பிறகுதான் குழாய். சுமார் 200 துளை வரை, சரிவு நன்றாக இருந்தால், முக்கால் அங்குலக் குழாய் தாங்கும். அதற்கு மேல் 1 அங்குலம் போடுங்கள், அல்லது காட்டை இரண்டாகப் பிரித்து இரண்டு மெயின்லைன் இழுங்கள். குழாயையும் நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டே, அடிக்கு ஒரு கட்டு வீதம் கம்பியோடு சேர்த்து முறுக்கிவிடுங்கள். ஆயிரம் அடிக்கு ஆயிரம் கட்டு. சலிப்பான வேலை, விரல் நோகும், ஆனால் இதில் மிச்சம் பிடித்தவர் வீட்டுக் குழாய் மார்ச் வெயிலில் நீண்டு ஒவ்வொரு கட்டுக்கும் நடுவில் வயிறு தள்ளும்.

ஒவ்வொரு மெயின்லைனின் கீழ்முனையிலும் ஒரு வால்வு, மேல்முனையில் வேக்குவ அளவைக் காட்டும் ஒரு கேஜ். இந்த இரண்டையும் வாங்க மறக்காதீர்கள். கசிவு தேடும்போது உங்களைக் காப்பாற்றப் போவது இவைதான்.

லேட்டரலும் டிராப்பும்

மெயின்லைனிலிருந்து மரங்களுக்குப் போகும் 5/16 அங்குலக் குழாய்தான் லேட்டரல். ஒரு லேட்டரலில் ஐந்து துளை இருந்தால் அருமை, பத்தைத் தாண்டவே கூடாது, நீளம் 100 அடிக்குள் இருக்க வேண்டும். புதியவர்கள் மெயின்லைன் செலவை மிச்சப்படுத்த லேட்டரலை நீட்டிக்கொண்டே போவார்கள், இருபது மரத்தை ஒரே மெல்லிய குழாயில் கோத்துவிட்டுக் கடைசி மரத்தில் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள்.

மேலே இருக்கும் கடைசி மரத்தில் வளையம் போட்டுத் தொடங்கி, கீழே வரும் வழியில் ஒரு மரத்துக்கு இடப்புறம், அடுத்த மரத்துக்கு வலப்புறம் என்று மாற்றி மாற்றி வளைத்துக்கொண்டு வாருங்கள். மரங்களே குழாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். விரலால் தட்டினால் குழாய் விறைப்பாக அதிர வேண்டும். மெயின்லைனில் லேட்டரல் சேரும் இடத்தில் சேடில் என்ற இணைப்பு வரும், அதற்கான பிட்டை வைத்துத் துளைபோடும்போது வெட்டிய பிளாஸ்டிக் வட்டம் குழாய்க்குள் விழாமல் வெளியே எடுத்துவிடுங்கள். அது உள்ளே போனால் எங்காவது போய் அடைக்கும், எங்கே என்று தேடுவது பெரும்பாடு.

மரத்துக்கு மரம் லேட்டரலில் ஒரு டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு), டீயிலிருந்து தொங்கும் டிராப் என்ற சிறு குழாய், அதன் முனையில் மரத்தின் துளைக்குள் செருகும் ஸ்பவுட் என்ற மூக்கு. டிராப்பை 30 முதல் 36 அங்குலம் வையுங்கள். நீளமாக இருந்தால் ஒவ்வொரு வருடமும் மரத்தைச் சுற்றி வேறு இடத்தில் துளை போடலாம், குட்டையாக வைத்தவர்கள் ஐந்தாறு வருடத்தில் பழைய துளைகளுக்கு நடுவே இடம் தேடுவார்கள். இன்னொரு காரணமும் உண்டு: உறையும் நேரத்தில் மரம் சாற்றைத் திரும்ப உறிஞ்சும், அப்போது லேட்டரலில் கிடக்கும் கிருமி நிறைந்த சாறு துளை வரை போகாமல் நீளமான டிராப் தடுக்கும். டிராப்களை வீட்டில் உட்கார்ந்து முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் குழாய் விறைத்துப்போய் டீக்குள் ஏறாது என்பதால் காட்டுக்குப் போகும்போது வெந்நீர் பிளாஸ்க் ஒன்று எல்லாரிடமும் இருக்கும், நுனியை ஓரிரு நொடி நனைத்தால் போதும். இரு கைப்பிடி உள்ள குழாய்க் கருவியை மட்டும் தயங்காமல் வாங்கிவிடுங்கள். வெட்டிய குழாயின் இரு முனையையும் அது பிடித்துக்கொள்ளும், இறுக்கம் போகாமல் நடுவில் டீயைச் செருகலாம். கையால் செய்தால் ஒரு நாளைக்கு மேல் கட்டைவிரல் ஒத்துழைக்காது.

சரிவு அதிகமாகவும் துளை குறைவாகவும் இருக்கிறதா? அப்படியானால் 3/16 அங்குலக் குழாயைப் பற்றி யோசியுங்கள். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் டிம் வில்மட் ஆராய்ந்து பரப்பிய முறை அது. மெல்லிய குழாயில் சாறும் காற்றுக் குமிழியும் ஒன்றையொன்று தாண்ட முடியாமல் ஒரே தூணாக நிற்கும், அந்தச் சாற்றின் எடையே கீழே இழுத்து மேலே வேக்குவத்தை உண்டாக்கும். இறக்கத்தின் ஒவ்வோர் அடிக்கும் 0.88 அங்குல வேக்குவம். கடைசி மரத்துக்குக் கீழே 30 அடி இறக்கம் கிடைத்தால் பம்பு வைத்தவருக்குச் சமமாக வந்துவிடும், மின்சாரமே இல்லாமல். குறை என்னவென்றால், இரண்டாவது வருடத்திலேயே டீக்களின் சிறிய துவாரத்தில் பாசி மாதிரி வழவழப்பு படிந்து அடைக்கத் தொடங்கும், வருடாவருடம் சுத்தப்படுத்தியே ஆக வேண்டும்.

பம்பு வீடு

மெயின்லைன் வந்து சேரும் இடத்தில் வரிசை இப்படி இருக்கும்: முதலில் ரிலீசர், அடுத்து ஈரப்பொறி, கடைசியில் பம்பு. சாறு ரிலீசரோடு நின்றுவிட வேண்டும், பம்புக்குக் காற்று மட்டும்தான் போக வேண்டும்.

ரிலீசர் என்பது வேக்குவத்துக்குள் இருக்கும் சாற்றை வெளியே கொண்டுவரும் பெட்டி. உள்ளே சாறு ஏற ஏற ஒரு மிதவை உயர்ந்து, ஒரு கட்டத்தில் 'டக்' என்று காற்று வால்வைத் திறக்கும். வெளிக்காற்று உள்ளே பாய்ந்ததும் அடிக்கதவு திறந்து சாறு தொட்டியில் கொட்டும், கொட்டி முடிந்ததும் மறுபடி மூடிக்கொண்டு வேக்குவம் பிடிக்கும். நல்ல ஓட்டமுள்ள நாளில் இந்த 'டக்'கும் அதைத் தொடரும் சளசளப்பும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கும், பழகியவர்கள் அடுப்படியில் நின்றுகொண்டே அந்தச் சத்தத்தின் இடைவெளியை வைத்து ஓட்டத்தைக் கணிப்பார்கள். ஒற்றை அறை ரிலீசர் கொட்டும்போதெல்லாம் குழாயில் வேக்குவம் சற்று விழும், இரட்டை அறையில் அது குறைவு. மின்சார ரிலீசரும் உண்டு. 250 துளைக்கு ஒற்றை அறை இயந்திர ரிலீசரே போதும்.

ரிலீசரை மிச்சப்படுத்த ஒரு பிளாஸ்டிக் பீப்பாயைக் காற்றுப்புகாமல் மூடி, அதிலேயே பம்பை இணைத்துவிடலாமே என்று யோசனை வரும். வேண்டாம். 25 அங்குல வேக்குவத்தில் வெளிக்காற்று ஒவ்வொரு சதுர அடியையும் சுமார் 800 கிலோ எடையால் அமுக்கும். பீப்பாய் உள்வாங்கி நசுங்கிவிடும், பக்கத்தில் நின்றால் உங்களுக்கும் அடிபடும்.

ஈரப்பொறி சின்னச் சாமான், ஆனால் இது இல்லாமல் பம்பை ஓட்டாதீர்கள். என்றாவது ஒருநாள் ரிலீசரின் மிதவை பனியில் சிக்கிக்கொள்ளும், சாறு மேலே ஏறி பம்பை நோக்கி வரும், அப்போது ஈரப்பொறியின் உள்ளே இருக்கும் பந்து எழும்பி வழியை அடைக்கும். அது இல்லாவிட்டால் சாறு பம்பு எண்ணெயில் கலந்து பால்போல வெளுத்துவிடும், பம்பின் கதை அத்தோடு முடிந்தது.

இப்போது பம்பு. 100 துளைக்கு 1 சி.எஃப்.எம். என்பது பழைய கணக்கு, சி.எஃப்.எம். என்றால் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை இழுக்கும் என்பது. கசிவுக்கும் ரிலீசருக்கும் சேர்த்து அதைப்போல இருமடங்கு வைத்துக்கொண்டால் நிம்மதியாக இருக்கலாம், ஆக 250 துளைக்கு 5. வாங்கும்போது அந்த எண் எத்தனை அங்குலத்தில் அளந்தது என்று கேளுங்கள், ஏனென்றால் 15 அங்குலத்தில் 10 என்று போட்டிருக்கும் பம்பு 25இல் அதில் பாதிகூட இழுக்காமல் போகலாம். பால்பண்ணைகளிலிருந்து வரும் பழைய வேன் பம்புகள் (சுழலும் தகடுகளால் காற்றை இழுப்பவை) மலிவு, எண்ணெய் ஊற்றிப் பார்த்துக்கொண்டால் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் 20ஐத் தாண்டி ஓட்டினால் சூடேறும். நீர்வளைய பம்பு 27 வரை சிரமமில்லாமல் போகும், ஆனால் அதன் தண்ணீர் உறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துளை நூற்றுக்குள் என்றால் சிறிய டயாஃபிரம் பம்புகளாலேயே சமாளிக்கிறவர்கள் உண்டு, அவை சாற்றையும் சேர்த்தே இழுத்துவிடும் என்பதால் ரிலீசரும் வேண்டாம். லாப்பியர், சி.டி.எல்., லீடர் போன்ற கம்பெனிகளின் கடைகளில் பழைய சாமான்களும் கிடைக்கும், வசந்தத்துக்குப் பிறகு போனால் பேரம் பேசலாம்.

துளை போடுவதற்கு முன்னும், துளை போடும்போதும்

டீயின் பக்கவாட்டில் ஸ்பவுட்டைச் செருகி மூடிவைக்க ஒரு குமிழ் இருக்கும். எல்லா ஸ்பவுட்டையும் அதில் செருகிவிட்டு, ஒரு துளைகூடப் போடாத நிலையில் பம்பை ஓட்டிப் பாருங்கள். இந்த அமைப்பு எட்டக்கூடிய உச்ச அளவு இதுதான். இப்போதே 18தான் வருகிறது என்றால் துளை போட்ட பிறகு கூடப்போவதில்லை. கசிவை இப்போதே அடைத்துவிட்டு மேலே போங்கள்.

கிழக்கு ஒன்டாரியோவில், லனார்க் பக்கமெல்லாம், பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் தொடக்கத்துக்குள் துளை போட்டுவிடுவார்கள். கடுங்குளிர் நாளில் போடாதீர்கள், உறைந்த கட்டை ஸ்பவுட் ஏறும்போது பிளக்கும். மேப்பிளுக்கென்றே விற்கும் 5/16 பிட், கூராக, புதிதாக இருக்கட்டும். பட்டையையும் சேர்த்து ஒன்றரை அங்குல ஆழம், பிட்டில் டேப் சுற்றி அளவு வைத்துக்கொள்ளுங்கள். பழைய துளையிலிருந்து பக்கவாட்டில் ஆறு அங்குலமாவது, மேலும் கீழும் ஓரடியாவது தள்ளி, சற்றே மேல்நோக்கிய சாய்வில், ஒரே மூச்சில் உள்ளே போய் ஒரே மூச்சில் வெளியே வர வேண்டும். கை ஆடினால் துளை நீள்வட்டமாகிவிடும், அந்த மயிரிழை இடைவெளி பருவம் முழுவதும் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். வெளியே வரும் சீவலைப் பாருங்கள்: வெண்ணெய் நிறமென்றால் நல்ல கட்டை, பழுப்பென்றால் அங்கே சாறு இல்லை, இடம் மாற்றுங்கள். தூளை ஊதித் தள்ளாதீர்கள், வாயிலுள்ள கிருமியெல்லாம் துளைக்குள் போகும்.

ஸ்பவுட்டைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டும்போது சத்தம் மாறும். முதல் இரண்டு தட்டில் லேசான சத்தம், ஸ்பவுட் உட்கார்ந்ததும் அடர்த்தியான 'தொம்'. அந்தச் சத்தம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். உறுதிக்காக இன்னும் ஒன்று என்று தட்டினால் கட்டை மேலும் கீழும் கீறல் விடும், அந்தக் கசிவுக்கு மருந்தே கிடையாது. பம்பை ஓடவிட்டுக்கொண்டே இந்த வேலையைச் செய்வது நல்லது, ஸ்பவுட் சரியாக உட்கார்ந்ததா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஸ்பவுட் மட்டும் வருடாவருடம் புதிது போடுங்கள். துளையில் கிருமி சேர்ந்தால் மரம் அதைச் சீக்கிரமே மூடிவிடும், பழைய ஸ்பவுட்டில் மிச்சம் பிடிக்கும் காசைவிடப் பல மடங்கு சாற்றில் போய்விடும்.

கசிவு தேடுதல்

உண்மையான வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. குழாய் போட்டாயிற்று, இனி வீட்டில் உட்காரலாம் என்பது வேக்குவத்தில் கிடையாது. அணில் கடிக்கும், கிளை விழும், மான் இடறும், உறைந்து இளகும்போது ஸ்பவுட் தானாகவே சற்று வெளியே நகரும். தினமும் ஒருமுறை நடந்தாக வேண்டும்.

முதலில் பம்பு வீட்டில் கேஜைப் பாருங்கள். நேற்று 24, இன்று 20 என்றால் எங்கோ ஓட்டை. மெயின்லைன் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடித் திறந்து பாருங்கள், எதை மூடியதும் முள் சட்டென்று ஏறுகிறதோ அந்தப் பக்கம்தான் கசிவு. அந்த மெயின்லைன் ஓரமாக மேலே நடங்கள். ஒவ்வொரு லேட்டரல் சேரும் இடத்திலும் ஒரு நிமிடம் நின்று குழாய்க்குள் ஓடுவதைக் கவனியுங்கள். மரத்துக்குள்ளிருந்தே கொஞ்சம் காற்று வரும் என்பதால் குமிழிகள் இருப்பது இயல்பு, ஆனால் அவை சோம்பலாக, விட்டுவிட்டு நகர வேண்டும். சாறும் குமிழியும் விரட்டியடித்தாற்போல் பாய்ந்து ஓடினால் அந்த லேட்டரலில் ஓட்டை. மேலே போகப்போக எந்த மரத்தைத் தாண்டியதும் ஓட்டம் அமைதியாகிறதோ, அந்த மரத்தின் டிராப்பைப் பாருங்கள். காற்றில்லாத நாளில் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றால் 'ஸ்ஸ்' என்ற சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு அணில் பல் பதித்த ஓட்டை அரிசியளவுகூட இருக்காது, ஆனால் மெயின்லைன் முழுக்க இரண்டு மூன்று அங்குலத்தைத் தின்றுவிடும். கடித்த துண்டை வெட்டியெடுத்துவிட்டு நடுவில் ஒரு இணைப்பைச் செருகுங்கள். டேப் சுற்றுவது வேலைக்காகாது. இதற்காகப் பையில் குழாய்க் கருவி, கத்தி, இணைப்புகள், டீக்கள், ஸ்பவுட்கள், கொஞ்சம் குழாய் எப்போதும் இருக்கட்டும். வேலை முடிந்ததும் மேல்முனைக் கேஜைப் படியுங்கள். பம்பு வீட்டுக்கும் மேல்முனைக்கும் வித்தியாசம் ஓர் அங்குலத்துக்குள் இருந்தால் உங்கள் குழாய்கள் ஒழுங்காக இருக்கின்றன. நான்கைந்து அங்குலம் இடித்தால் கசிவு இருக்கிறது, இல்லையென்றால் எங்கோ குழாய் தொங்கித் தேங்குகிறது. பெரிய பம்பு வாங்கினால் இது சரியாகாது.

பம்பை எப்போது நிறுத்துவது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். மாலையில் ஓட்டம் குறைந்ததும் மின்சாரத்தை மிச்சப்படுத்த அணைத்துவிடுவார்கள். துளை இன்னும் உறையாத அந்த நேரத்தில்தான் மரம் உள்வாங்கத் தொடங்கும், வேக்குவம் இல்லாவிட்டால் குழாயில் கிடப்பதைக் கிருமியோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். எல்லாம் கெட்டியாக உறைந்த பிறகு அணையுங்கள், மறுநாள் இளகுவதற்கு முன்பே போடுங்கள். உறையாத இரவென்றால் விடிய விடிய ஓடட்டும். வெப்பநிலையைப் பார்த்துத் தானே போட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட் வைத்துக்கொண்டால் அதிகாலை எழ வேண்டியதில்லை.

பருவம் முடிந்ததும்

மொட்டு பருக்கத் தொடங்கியதும் பாகில் ஒரு விரும்பத்தகாத வாசனை வரும், வேக்குவம் இருந்தால் சாறு மட்டும் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஆசைப்படாமல் நிறுத்துங்கள். ஸ்பவுட்டைக் கழற்றிவிட்டால் துளையை மரமே மூடிக்கொள்ளும், மெழுகோ ஆணியோ அடிக்காதீர்கள்.

மேலேயிருந்து தொடங்கி, பம்பு ஓடும்போதே ஒவ்வொரு ஸ்பவுட்டையும் கழற்றிச் சுத்தமான தண்ணீரை உறிஞ்ச விடுங்கள், தண்ணீர் கீழே போன பிறகு ஸ்பவுட்டை டீயின் குமிழில் செருகிவிடலாம். வீட்டு ப்ளீச் ஊற்றிக் கழுவினால் குழாயில் உப்பு படியும், உப்பு தேடி வரும் அணில்கள் கோடை முழுக்க மென்றுகொண்டிருக்கும். ஈரப்பொறியையும் ரிலீசரையும் திறந்து துடைத்துக் காயவைத்து, பம்பின் எண்ணெயை அப்போதே மாற்றிவிடுங்கள், ஈரம் கலந்த எண்ணெய் பத்து மாதம் உள்ளேயே கிடந்தால் துரு பிடிக்கும். அந்த வருடம் அதிகம் தொல்லை கொடுத்த லேட்டரல்களில் ரிப்பன் கட்டிவைத்தால், செப்டம்பரில் காட்டுக்குள் போகும்போது எதை முதலில் பிரித்துக் கட்டுவது என்று தேட வேண்டியிருக்காது.